டயர் மாமாவின் அக்கா

என் மாமனாரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் டயர் மாமா. பஸ் டிப்போவுக்கு எதிரே இருந்த டயர் கடையில் அரை டிராயரோடு வேலைக்குச் சேர்ந்தவர். முதலாளி போய், முதலாளியின் மகனும் போய், கடை கைமாறிய பிறகும் அவர் மட்டும் அசையவில்லை. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்க்கிற நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் அவருக்கு ஆகாது. "பேசறதுக்கு வேற கடை இருக்கு" என்பார். பெண் கேட்டுப் போன எனக்கும் முதலில் அந்தப் பதில்தான் கிடைத்தது.

அவருடைய ஒரே மகள் என் மனைவி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். வேன் ஓட்டுகிறவளுக்குப் பொறுமை அதிகம் இருக்கும் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். இருக்கிற பொறுமையெல்லாம் வேனிலேயே செலவாகிவிடும், வீட்டுக்கு வருவது மிச்சம் மீதிதான். அவளுடைய அம்மா விடுதியில் வளர்ந்தவர், சீக்கிரம் போய்ச் சேர்ந்தும் விட்டார். அப்பா பக்கமோ சுத்தம். எங்கள் கல்யாணத்துக்கு என் பக்கத்தில் சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா என்று ஒரு பஸ் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவள் பக்கத்தில் டயர் கடை ஆட்கள் கைக்கரியை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு வந்து வரிசையாக நின்றார்கள். என் சொந்தக்காரர்களைப் பற்றி நான் புலம்பும்போதெல்லாம் அவள் ஒன்று சொல்வாள்: "உங்களுக்காவது திட்டறதுக்கு ஆள் இருக்கு. எனக்குச் சண்டை போடக்கூட ஒரு அத்தை இல்ல."

மாமாவிடம் சொந்த ஊரைக் கேட்டால், "டயருக்கு ஏது ஊரு, உருண்ட இடம்தான்" என்று சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார். எப்போதாவது நல்ல மனநிலையில் வாயைத் திறந்தால் இரண்டே பேர் வருவார்கள், அண்ணனும் அக்காவும். அண்ணனுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. அடி இல்லாமல் பேச்சே கிடையாது. அக்கா சாது. இவரை "தம்பி, தம்பி" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். அண்ணனுக்குப் பயந்து ஒரு நாள் லாரி ஏறிவிட்டார். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள், சொல்லாமல் வந்துவிட்டார். கதை அவ்வளவுதான். உங்கள் அம்மா எங்கே என்று மகள் கேட்டதற்கு, "அதான் அக்கா இருந்தாளே" என்றாராம். சரி, பெற்றவர்கள் இல்லாத வீடு, அக்கா எடுத்து வளர்த்திருக்கிறாள் என்று நாங்கள் முடிவு கட்டிக்கொண்டோம். யாராக இருந்தாலும் அப்படித்தான் கட்டியிருப்பார்கள்.

பேரை வைத்துத் தேடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவருடைய பேர் டயர் கடை முதலாளி வைத்தது. வந்த புதிதில் பயத்தில் சொந்தப் பேரைச் சொல்லவில்லை, பிறகு சொல்லத் தோன்றவில்லை. எந்த ஊர் என்பதையும் அவர் வாயால் சொன்னதில்லை. மகள் கண்டுபிடித்ததுதான். டிப்போவிலிருந்து எந்த பஸ் வந்தாலும் டயருக்கு மாமா முதல் ஆளாக நிற்பார். ஒரே ஒரு ஊர் பஸ் வந்தால் மட்டும் டீ குடிக்கப் போய்விடுவார். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து அவள் அந்த ஊரை மனதில் போட்டு வைத்திருந்தாள்.

மறதி முதலில் சில்லறைச் சில்லறையாக வந்தது. மூக்கில் கண்ணாடியை வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடினார். அது நானும் செய்வதுதான். பிறகு குளிக்கப் போகிறேன் என்று கிளம்பி, கீழே என் தையல் கடைக்கு வந்து, துண்டோடு ஆல்டரேஷனுக்கு வந்த பெண்கள் நடுவில் நின்றார். சாப்பிட்டதை மறந்தார். பேரனை மறந்தார். ஆனால் அக்கா மட்டும் நாளுக்கு நாள் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தாள். சட்டையை மாட்டிக்கொண்டு, "அக்காகிட்ட சொல்லிட்டு வந்துடறேன், சொல்லாம வந்துட்டேன்" என்று படியிறங்குவார். பிடித்து உட்கார வைப்போம். கண் அசந்தால் மறுபடி கிளம்பிவிடுவார். ஒரு நாள் டிப்போ வாசலில் ஓடுகிற பஸ்ஸுக்கு முன்னால் போய்விட்டார். டிரைவர் பிரேக் அடித்த அடியில் உள்ளே இருந்த பாதிப் பேர் விழுந்துவிட்டார்களாம். கண்டக்டர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார். என் மனைவி வேனை நிறுத்திவிட்டு வந்து, விஷயத்தைக் கேட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

டாக்டர் மழுப்பாமல் சொன்னார். போனது திரும்பாது, மருந்து கொடுத்தால் போகிற வேகம்தான் குறையும். பழைய ஞாபகங்கள் கடைசியில்தான் போகும், அவர் எங்கே இருக்கிறாரோ அங்கிருந்து அவரை இழுக்காதீர்கள் என்றார்.

வெளியே வந்ததும் என் மனைவி, "அக்காவைக் கண்டுபிடிக்கணும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மாள் உயிரோடு இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருக்குமே என்றேன். "இருந்தா இருக்கட்டும். ஒரே ஒரு தடவை அப்பா கண்ணுல காட்டிடணும். சொல்லிட்டுப் போறேன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லிடட்டும். அப்புறம் என்னை மறந்தாக்கூடப் பரவாயில்ல" என்றாள். அந்த வாரமே கடையைப் பூட்டினேன்.

அடுத்த வீட்டில் ஓர் எலக்ட்ரீஷியன் இருக்கிறார். மீசையும் உடம்புமாகப் பார்ப்பதற்கு ரவுடி மாதிரி, குணம் தங்கம். மாமாவை அவர் வீட்டில் ஒப்படைத்துவிட்டு, விடுமுறை நாளில் வேனிலேயே கிளம்பினோம். அந்த ஊரில் ஐஸ் கம்பெனி இடிந்து, அந்த இடத்தில் கார் கழுவுகிற ஷெட் வந்திருந்தது. நான் அப்போதே திரும்பிவிடலாம் என்றேன். அவள், "கட்டடம் போனாலும் ஸ்டாப்பிங் பேர் போகாது" என்று சொல்லி, பஸ்ஸில் போகிறவர்களையே விசாரித்தாள். அவள் சொன்னபடியே இருந்தது. ஐஸ் கம்பெனி ஸ்டாப் என்றதும் ஆளாளுக்குக் கை காட்டினார்கள். அந்த ஸ்டாப்பில் இருந்த டீக்கடைக்காரர், "ஓடிப்போன பையன் வீடா? நர்ஸம்மா வீட்டுல கேட்டுப் பாருங்க" என்று தெருவையும் காட்டிவிட்டார்.

நர்ஸம்மா என்பவர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. எழுபதை நெருங்குகிற வயது, விறைப்பான உடம்பு, அதைவிட விறைப்பான முகம். கிரில் கேட்டைத் திறக்காமலே பேசினார். அண்ணன், அக்கா, தம்பி என்று மூன்று பேர் இருந்த வீடு, தம்பி சின்ன வயதில் ஓடிவிட்டார் என்று என் மனைவி சொல்லச் சொல்ல, அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இங்கேயும் ஒரு பையன் ஓடிப்போனது உண்மைதான், ஆனால் ஓடிப்போன அவர்தான் வீட்டுக்கு மூத்தவர், அவருக்கு மேலே அண்ணனும் கிடையாது அக்காவும் கிடையாது என்று அடித்துச் சொன்னார். அண்ணன் ஐஸ் கம்பெனியில் இருந்தாராம் என்றேன். இந்தத் தெருவில் ஐஸ் கம்பெனிக்குப் போகாத ஆள் யார் என்று என்னைப் பார்த்த பார்வையில், வீட்டில் பங்கு கேட்டு வந்த கும்பல் என்று எங்களை நினைத்தது தெரிந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வா போகலாம் என்று மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

வரும் வழியெல்லாம் எங்களுக்குள் சண்டை. இன்னும் நாலு வீடு கேட்டிருக்கலாம் என்று அவள். தண்ணீர் கூடக் கொடுக்காத ஊரில் எந்த வீட்டைக் கேட்பது என்று நான். வீட்டுக்கு வந்தால் மாமா வாசலிலேயே நின்றிருந்தார். மகளைப் பார்த்து, "அக்காவைப் பாத்தியாம்மா? நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்றார். அவள் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் சாப்பாடும் குறைந்துவிட்டது. அக்கா வந்து ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்பார். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்தால் கோபமும் வரும், பாவமாகவும் இருக்கும். ஒரு நாள் ஆத்திரத்தில் நான் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்து, வெறும் மெஷினை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்படி இருக்கும்போது மாமாவின் அறையில் மின்விசிறி கெட்டுப் போயிற்று. எலக்ட்ரீஷியன் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற என் மனைவி, பேச்சுவாக்கில், "அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அண்ணி என்றால் எலக்ட்ரீஷியனின் அம்மா. அவர் பெற்ற தாயை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அவர் அண்ணி, தெருவுக்கே அவர் அண்ணி. எலக்ட்ரீஷியன், எண்ணெய் தேய்த்தால் கொஞ்சம் பரவாயில்லை என்று ஏதோ பதில் சொன்னார். என் மனைவி அதைக் கேட்கவில்லை. ஸ்டூலிலிருந்து கையை எடுத்துவிட்டாள். மனிதர் விழாமல் தப்பியது பெரிய விஷயம்.

"நீ ஏன்பா அம்மாவை அண்ணின்னு கூப்பிடற?" என்று கேட்டாள்.

"சித்தப்பா நாலு பேரு வீட்டுல இருந்தாங்க. அவங்க அண்ணி அண்ணின்னாங்க, நானும் அண்ணின்னேன். அம்மான்னு ஒண்ணு இருக்கறதே பள்ளிக்கூடம் போய்த்தாங்க தெரியும்" என்றார் அவர், திருப்புளியை வாயில் கவ்விக்கொண்டே.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். என் சித்தப்பா பிள்ளைகளில் ஒருவன் பெற்ற அப்பனை இன்னும் மாமா என்றுதான் கூப்பிடுகிறான். அடுத்த வீட்டில் வேறு இந்தக் கூத்து தினமும் நடக்கிறது. இத்தனையும் பார்த்த எங்கள் புத்தியில் அது எட்டவே இல்லை. அண்ணன் என்றால் அண்ணன், அக்கா என்றால் அக்கா என்று எடுத்துக்கொண்டு, சரியான வாசலில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறோம்.

மறுநாள் வேனுக்கு வேறு டிரைவரை ஏற்பாடு செய்துவிட்டு, பஸ்ஸில் போனோம். நர்ஸம்மா எங்களைப் பார்த்ததும் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, மறுபடியும் என்ன என்றார். என் மனைவி வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"உங்க அம்மாவை நீங்க என்னன்னு கூப்பிடுவீங்க?"

நர்ஸம்மாவின் கை கம்பியில் அப்படியே நின்றது. "அக்கான்னு" என்றார். பிறகு யாரும் கேட்காமலே, "அப்பாவை அண்ணன்னு கூப்பிடுவோம்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. தாழ்ப்பாளை எடுக்காமலே கேட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். நான்தான் கம்பி வழியாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளினேன்.

உள்ளே உட்கார வைத்து, பேசுவதற்கு முன்னால் போனில் இருந்த மாமாவின் படத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார். "அண்ணன் மூக்கு" என்றார். அந்த வீட்டில் அப்போது அப்பாவின் தம்பிகளும் அம்மாவின் தங்கைகளும் ஒன்றாக இருந்தார்களாம். எங்கே திரும்பினாலும் அண்ணன், அக்கா என்றே சத்தம். பிள்ளைகள் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அவர் ஓடிப்போன அன்றைக்கு, அம்மா கண்ணயர்ந்திருந்த நேரத்தில், அப்பாவுக்காக ஐஸ் கம்பெனிக்குக் கொண்டுபோன சாப்பாட்டுத் தூக்கு வழியில் கவிழ்ந்து கிடந்தது, பையனைக் காணோம். அதற்குப் பிறகு அப்பா யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. அம்மா நெடுநாள் இருந்தார், நர்ஸம்மாவின் கையிலேயே போனார்.

"அக்கா அவரைப் பத்திப் பேசவே மாட்டா" என்றார் நர்ஸம்மா. "ஆனா என்னைக் கூப்பிடறப்பெல்லாம் முதல்ல தம்பின்னுதான் வாய்ல வரும். அப்புறம்தான் என் பேர் வரும். கடைசி வரைக்கும் அப்படித்தான். எனக்கு எரிச்சலா வரும்."

நீங்கள் அவரைப் பார்த்ததில்லையா என்று என் மனைவி கேட்டாள். அவர் போகும்போது தான் வயிற்றில் இருந்ததாகச் சொன்னார். தான் ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது என்றார். பிறகு அந்த விறைப்பான முகம் கொஞ்சம் இளகிற்று. "வார்டுல எத்தனையோ பேரை அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டிருக்கேன். சொந்தமா ஒண்ணு இருந்தும் ஒரு தடவை கூப்பிடக் குடுத்து வைக்கல" என்று சொல்லிவிட்டு, எழுந்து உள்ளே போய்ப் பையை எடுத்தார். மாற்றுத் துணி எடுத்தாரா என்றுகூடத் தெரியாது. அவ்வளவு வேகம்.

பஸ்ஸில் என் மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தை, அத்தை என்று வார்த்தைக்கு வார்த்தை சொல்லிக்கொண்டு வந்தாள். ஜன்னலை மூடட்டுமா அத்தை, தண்ணீர் வேண்டுமா அத்தை. ஒரு தடவை எதுவும் கேட்காமல் வெறும் அத்தை என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். முறைப்படி எனக்கு அவர் அம்மா முறை. எனக்குத்தான் ஏற்கெனவே ஒரு பஸ் சொந்தம் இருக்கிறதே, நான் பின் சீட்டுக்குப் போய்விட்டேன்.

நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது மதியம். மாமா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தட்டில் காலைச் சாப்பாடு அப்படியே காய்ந்து கிடந்தது. நர்ஸம்மா வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கிட்டே போய், "அண்ணே" என்றார்.

மாமா அடி விழுந்தது போலத் துள்ளி, மூலைக்கு நகர்ந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். "அண்ணன் வந்துட்டாரா? சோத்தைக் கொட்டிட்டேன்னு சொல்லிடாத, சொல்லிடாத" என்று நடுங்கினார். என் மனைவி ஓடிப்போய்ப் பிடித்தாள். அவர் அவளையும் தள்ளினார். எந்த வார்த்தைக்காக அந்த அம்மாள் ஆயுசெல்லாம் காத்திருந்தாரோ, அந்த வார்த்தையை இந்த மனிதரிடம் சொல்லவே முடியாது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

நர்ஸம்மா எத்தனையோ நோயாளிகளைப் பார்த்தவர். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவருடைய அம்மாவின் குரல் எப்படி இருக்குமோ அப்படி, இழுத்து, மெதுவாக, "தம்பி" என்றார்.

மாமாவின் கை தலையிலிருந்து இறங்கியது.

"அக்கா" என்றார். "தூங்கிட்டு இருந்தியா, அதான் சொல்லாம போயிட்டேன்."

"பரவால்ல தம்பி. இப்ப சொல்லிட்டல்ல."

அவர் தலையை ஆட்டினார். நர்ஸம்மா தட்டைக் கொடுத்துச் சூடாகப் போட்டு எடுத்து வரச் சொல்லி, ஊட்டிவிட்டார். மாமா பள்ளிக்கூடப் பிள்ளை போல வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டார். என் மனைவி கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணீரைத் துடைக்கவும் இல்லை. கடைசி வாய் ஆனதும், மாமா நர்ஸம்மாவின் வயிற்றைப் பார்த்தார். ஒரு விரலை அந்தப் பக்கமாக நீட்டினார்.

"அக்கா, பாப்பா பொறந்துடுச்சா?"

நர்ஸம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"பொறந்துடுச்சு தம்பி."

"தங்கச்சியா?"

"தங்கச்சிதான்."

அவர் முகமெல்லாம் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. "என்னை அண்ணேன்னு கூப்பிடுமா?" என்று கேட்டார்.

நர்ஸம்மா அவர் வாயைத் துடைத்துவிட்டார். துடைத்து முடித்த பிறகும் அந்தத் துணியை எடுக்காமல் வைத்திருந்தார்.

"கூப்பிடும் தம்பி" என்றார். "இன்னும் பேச்சு வரல."